ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு வண்டி

மழை வந்தால் மதுரையில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். வீட்டை விட்டு வெளியே ஓடிய ஒரே மனிதர் எங்கள் காத்தண்ணன்தான். முதல் தூறல் தகரத்தில் விழுந்ததுமே அவர் வண்டியை உதைக்கும் சத்தம் கேட்கும். அடுத்து அவர் குரல் வரும். "தம்பி, வெரசா வா தம்பி! இன்னைக்கு நல்ல சேறு கிடைக்கும்." அந்தத் தம்பி அடியேன்தான்.

அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுத என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் கதை கடைசியில் ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில் போய் நின்றுவிடுகிறது. அதைச் சுற்றிக்கொண்டு போகப் பலமுறை முயன்றேன், முடியவில்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனையூரில் ஒரு காம்பவுண்டுக்குள் மூன்று குடித்தனம். முதல் வீட்டில் காதர் பாய். மாசி வீதியில் துண்டு வியாபாரம், வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார். அடுத்த வீட்டில் காத்தண்ணனும் அவர் மனைவி செல்வி மதினியும். மூன்றாவதை வீடு என்று வீட்டுக்காரர் மட்டும்தான் சொல்வார். ஒற்றை அறை. அதில் நான். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

காத்தண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. அதை அங்கேயே இருக்க வைத்து, இந்தப் பெயரைப் பரப்பியவன் நான். காரணம், டயரில் இருக்கும் காற்று. தார் ரோட்டில் போகும்போது டயர் கெட்டியாக இருக்க வேண்டும். மண்ணில் இறங்கினால் காற்றைக் குறைக்க வேண்டும், அப்போதுதான் டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும். இது அவருடைய வேதம். விஷயம் தெரிந்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இவர் மண்ணைக் கண்ட இடத்திலெல்லாம் செய்வார்.

ஒருநாள் எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டி மூடியிருந்தார்கள். பத்தடி மண். அண்ணன் வண்டியை நிறுத்தி, அளவு பார்க்கும் கருவியை எடுத்து, முன் டயர், பின் டயர் இரண்டிலும் காற்றை இறக்கினார். பத்தடியைக் கடந்தார். மறுபடி நிறுத்தினார். பையிலிருந்து கைப்பம்பை எடுத்துக் காற்றடிக்க ஆரம்பித்தார். பின்னால் வந்து மாட்டிக்கொண்ட தண்ணீர் லாரி டிரைவர் இறங்கி வந்தார்.

"என்னண்ணே, பஞ்சரா?"

"இல்லண்ணே. மண்ணு முடிஞ்சிருச்சு. அதான் காத்து ஏத்துறேன்."

டிரைவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "வீட்டாளுக வேற யாரும் கூட வரலையா?"

அன்றிலிருந்து அவர் காத்தண்ணன். பாய்கூட, அவரைவிடப் பத்து வயது மூத்தவர், "காத்தண்ணே, டீ சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவார். காத்தண்ணன் கோபித்துக்கொண்டதே இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவருக்கு வேலை ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். ஜெராக்ஸ் மெஷின் இருக்கிற ஊரில் கரண்ட் இருக்கும், கரண்ட் இருக்கிற ஊரில் ரோடு இருக்கும். மண்ணில் இறங்க அந்த மனிதருக்கு எந்த முகாந்திரமும் கிடையாது. பிறகு எதற்கு இந்தக் கூத்து என்று வந்த புதிதில் நான் அவரிடமே கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார். செல்வி மதினிதான் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

திருமங்கலம் தாண்டி நாலு வழிச் சாலையை விட்டு உள்ளே பிரிந்தால் மதினியின் ஊருக்குப் போகலாம். தார் ரோடு ஓரிடத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் கரிசல் பாதை. கோடையில் அது சிமெண்ட் தரை மாதிரி இருக்கும். மழை பெய்துவிட்டால் அந்தக் கறுப்பு மண் ஆளையும் விடாது, வண்டியையும் விடாது. டயரோடு சுற்றி மேலேறி, மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொண்டு சக்கரத்தை இறுக்கிவிடும். பிறகு ஓட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது.

இவர்களுடையது விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். மதினிக்கு அம்மா இல்லை. அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. ஆனாலும் தலைதீபாவளி வந்தபோது, மகன் முருகனிடம், "வரச் சொல்லு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்கு மதினி மூன்று நாள் அழுதாராம்.

புதுச் சேலை, புது வேட்டி, தட்டு நிறைய பழம், நல்ல மழை. கரிசல் பாதையில் பாதி தூரத்தில் சக்கரம் இறுகிவிட்டது. அண்ணன் குச்சியை வைத்து மண்ணைக் குடைந்தார். பத்தடி போனார். மறுபடி குடைந்தார். கடைசியில் வண்டியை அப்படியே போட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். மதினி செருப்பைக் கையில் பிடித்திருந்தார். சேலை முழங்கால் வரை சேறு. கண்மாய்க் கரையில் அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் நாலு பேர் கூட நின்றார்கள். இவர்கள் காதில் விழும்படியே அவர் சொன்னார்.

"வண்டியவே கரை சேக்கத் தெரியல. இவன் எம்மகளை எங்கிட்டுக் கரை சேக்கப் போறான்?"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். காத்தண்ணன் அங்கேயே நின்றார். மதினிதான், "வாங்க போவோம்" என்று அவர் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தார்.

"அதுக்கப்புறம் போக்குவரத்து கிடையாது தம்பி," என்றார் மதினி. "முருகன் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் நல்லா இருக்கியான்னு கேப்பான். நான் ஒத்தையா போகலாம். போக மாட்டேன். இவரை ஏத்தாத வாசல்ல எனக்கு என்ன வேலை?"

"அண்ணே என்ன சொல்றாரு?"

"அவரா? ஒரு மழை நாள்ல, வண்டி நிக்காம, என்னைய அந்த வாசல்ல கொண்டுபோய் இறக்கணுமாம். அதுக்குத்தான் இம்புட்டும்."

அவர் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். ஆய்ந்து முடித்த கீரையையே திரும்பவும் ஆய்ந்துகொண்டிருந்தார் என்பதை நான் கவனித்தேன்.

ஆக, அந்த வண்டி தயாராகிக்கொண்டிருந்தது ரெண்டே ரெண்டு கிலோமீட்டருக்கு. ஆனால் அந்த ரெண்டு கிலோமீட்டரை அடைய அதற்கு முன்னால் நல்ல தார் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் போயாக வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒரு வண்டியை ரோட்டுக்குத் தயார் செய்யலாம், மண்ணுக்கும் தயார் செய்யலாம். ஒரே வண்டியை இரண்டுக்கும் தயார் செய்வது என்பது ரெண்டு மாமியாரை ஒரே வீட்டில் வைத்துச் சமாளிப்பது போல. ஒருத்திக்குப் பிடித்தது மற்றவளுக்கு ஆகாது.

முதலில் பட்டன் டயர் போட்டார். கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். மண்ணைப் பிடிக்கும், ஆனால் தார் ரோட்டில் ஒப்பாரி வைக்கும். ஐம்பதைத் தாண்டினால் வண்டி ஆடும். ஈர ரோட்டில் வழுக்கும். அடுத்து, மண் அடைக்காமல் இருக்க முன் மட்கார்டை ஒரு சாண் உயரத் தூக்கினார். சக்கரம் இறுகவில்லை. ஆனால் ரோட்டுச் செம்மண் தண்ணீரெல்லாம் நேராக அவர் முகத்துக்கு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜெராக்ஸ் மெஷின் பார்க்கப் போனவரை, ஆபீஸ் அம்மா பதறிப்போய் உட்காரவைத்து, முகத்தைத் துடைத்து, காயம் எங்கே என்று தேடியிருக்கிறார். "காயம் இல்லீங்க, மட்கார்டு உசரம்" என்று இவர் விளக்கியிருக்கிறார். அந்த அம்மா இன்னும் கொஞ்சம் பதறியிருக்கிறார்.

பிறகு முன் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்தார். இழுவை கூடியது. ஓட்டம் குறைந்தது. "போதும் தம்பி. வேகமா போயி என்ன செய்யப் போறோம்?" என்றார். இந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நிற்கிறது.

வண்டியை மொத்தமாக உயர்த்திய பிறகு மதினியால் ஏற முடியவில்லை. அவர் குள்ளம். "அழகர் குதிரைகூட இம்புட்டு உசரம் இல்ல" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அண்ணன் உடனே பட்டறையில் சொல்லி ஓர் இரும்புப் படி வைத்தார். மதினி பக்கவாட்டில் உட்காருபவர், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க சாரி கார்டு வேண்டும். ஆனால் கரிசல் மண் அந்தக் கம்பிகளுக்குள்தான் முதலில் போய் அடைக்கும். அதற்கும் வழி கண்டார். சாரி கார்டுக்குக் கீல் வைத்தார். கதவு மாதிரித் திறந்து, மண்ணைத் தள்ளி, மூடிக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளுக்குக் கதவு வைத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டுமே. எங்கள் பக்கத்து மண் செம்மண்ணும் மணலும் கலந்தது. "இது ஒரு மண்ணா? மரியாதை தெரியாத மண்ணு" என்பார். அதனால் திருமங்கலம் பக்கம் வேலைக்குப் போகிறபோதெல்லாம் சிமெண்ட் சாக்கில் கரிசல் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தார். ஆறு மூட்டை சேர்ந்ததும் காம்பவுண்டு வாசலில் கொட்டித் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தார். சாயங்காலம் முழுக்க அதற்குள் வண்டியை ஓட்டினார். பாய், "மாஷா அல்லாஹ், வீட்டுக்குள்ளயே வயல் போட்டாச்சு" என்று கைதட்டினார். மறுநாள் நல்ல வெயில். மண் இறுகி, காம்பவுண்டு கேட் அசையவில்லை. நாங்கள் மூவரும் கடப்பாரையால் இடித்து வெளியே வந்தபோது மணி பதினொன்று. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, எங்களில் யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் கேட்டைத் திட்டிவிட்டுப் போனார்.

சோதனைக்கு ஆளும் வேண்டும். இங்கேதான் நான் வந்து மாட்டுகிறேன். ஒருநாள் என்னைக் கடைத்தெரு எடை மெஷினில் ஏற்றினார்.

"அறுபத்தாறு. செல்வி அறுபத்திநாலு. ரெண்டு கிலோதான் வித்தியாசம். நீதான் சரியான ஆளு."

"எதுக்குண்ணே?"

"பின்னாடி உக்காரத்தான். மதினி மாதிரி உக்காரணும். ஒரு சைடா."

மறுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கால் போட்டால் பாரம் சமமாகிவிடும், கணக்கு தப்பிவிடும் என்றார். ஆக, மீசை வைத்த ஆண்பிள்ளையான நான், மடியில் பழப் பையை வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு, இடது கையால் அவர் இடுப்பைப் பிடித்தபடி ஆனையூர் முழுக்க வலம் வந்தேன். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் போகிற வாய்க்கால் கரையில், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி வழுக்கி நாங்கள் இருவரும் பழத்தோடு வாய்க்காலில் விழுந்தோம். கொடிக்காலிலிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்து முதலில் என்னைத்தான் தூக்கினார். தூக்கிய பிறகுதான் மீசையைப் பார்த்தார்.

"ஏப்பா, சைடா உக்காந்து வந்தியே, பொம்பளப்புள்ளைன்னுல்ல பதறிட்டேன்."

"அவரு என் சம்சாரத்துக்குப் பதிலா வந்தவருங்க," என்று விளக்கினார் காத்தண்ணன்.

பெரியவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு வெற்றிலை கொடுத்து அனுப்பிவைத்தார்.

இப்படி எட்டு ஐப்பசி போனது. ஒவ்வொரு ஐப்பசிக்கும், "இந்த மழைக்குப் போயிருவோம் தம்பி" என்பார். அந்த மழை வந்ததும் வண்டியில் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பார். ஒரு வருடம் செயின். ஒரு வருடம் பின் ஷாக்கப்சர். ஒரு வருடம் ஹேண்டில்பார் அரை இஞ்ச் உயரம். "கோடையில சும்மா ஒரு எட்டு போயிட்டு வாங்களேண்ணே" என்று நான் சொன்னால், "கோடையில எந்தக் கழுதையும் போகும்" என்பார். நாங்கள் சிரிப்போம். அது பயம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. வண்டி தயாராகிவிட்டால் போயாக வேண்டும். போனால் மாமனார் கதவைச் சாத்திவிடலாம். அதனால் வண்டியைத் தயாராகவே விடவில்லை அவர். இதெல்லாம் இப்போது புரிகிறது. புரிந்து யாருக்கு என்ன?

ஒன்பதாவது ஐப்பசி. தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். காலை எட்டரை மணிக்கு மதினியின் போன் அடித்தது. முருகன்.

"அக்கா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. உன்னையவே கேக்குறாரு. மச்சானையும் கூட்டிட்டு வரச் சொல்றாரு. வெரசா வாக்கா."

மச்சானையும். மதினி அந்த வார்த்தையை எங்களிடம் இரண்டு முறை சொன்னார். வெளியே சரியான மழை. முந்தின இரவிலிருந்தே விடாமல் பெய்துகொண்டிருந்தது. காத்தண்ணன் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினார். அதற்குள் காதர் பாய் குடையைப் பிடித்தபடி கார் சாவியோடு வந்து நின்றார்.

"காத்தண்ணே, வண்டி வேணாம். பொம்பளையாளு நனையும். வாங்க, கார்ல அம்பது நிமிசத்துல கொண்டுபோய் விட்டுர்றேன்."

அண்ணன் தயங்கினார். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் வாயைத் திறந்தவன் நான்.

"பாய், கரிசல்ல கார் இறங்காது. ரெண்டு கிலோமீட்டருக்கு முன்னாடியே நின்னுரும். மதினி அந்தச் சேத்துல நடக்கணுமா? இதுக்குத்தானே எட்டு வருசமா வண்டி செஞ்சாரு? கிளம்புங்கண்ணே."

எட்டு வருடம் அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குள்ளும் அந்தக் கரிசல் ஏறியிருந்தது. பாய் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மதினி இரும்புப் படியில் கால்வைத்து ஏறினார். மழைக்குள் அந்த டயரின் ஒப்பாரி தெருமுனை வரை கேட்டது. நான் பெருமையோடு நின்று கையசைத்தேன். ஆமாம், பெருமையோடுதான்.

பத்தேமுக்காலுக்கு எனக்குப் போன் வந்தது.

"தம்பி, மாமா போயிட்டாரு."

அவரை 'மாமா' என்று அண்ணன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பாத்தீங்களாண்ணே?"

"இல்ல தம்பி. அரை மணி நேரம் பிந்திட்டோம்."

பாயும் நானும் காரில் கிளம்பினோம். மழை குறைந்திருந்தது. திருமங்கலம் தாண்டி, உள்ளே பிரிந்து, தார் ரோடு முடிகிற இடம் வந்தது. இறங்கி நடப்பதற்காக நான் பேண்டை மடித்துக்கொண்டேன். பாய் காரை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியம் வரவில்லை. தார் முடிந்த இடத்திலிருந்து புதிதாக ஒரு சிமெண்ட் ரோடு தொடங்கியது. நல்ல அகலம். ஓரத்தில் மண்கூட இன்னும் சரியாக அணைக்கவில்லை. ரெண்டு கிலோமீட்டரும் கார் சத்தமில்லாமல் போய், வீட்டு வாசலில் நின்றது. கிளம்பியதிலிருந்து ஐம்பது நிமிடம்.

பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசலுக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கம், காத்தண்ணன் தன் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். வண்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. உள்ளேயிருந்து மதினியின் அழுகை கேட்டது.

"இருபதுலதான் தம்பி வந்துச்சு," என்றார். "ஈர ரோட்ல பட்டன் டயர் நிக்க மாட்டேங்குது. அதுக்கு மேல முறுக்குனா வழுக்குது. டவுன் பஸ்ஸெல்லாம் எங்களைத் தாண்டிப் போச்சு. டிராக்டர்கூட ஒண்ணு தாண்டிப் போச்சு. செல்வி பின்னாடி உக்காந்து ஒண்ணுமே சொல்லல. நான் மண்ணுல பிடிச்சுருவோம், மண்ணுல பிடிச்சுருவோம்னே வந்தேன். இங்க வந்து பாத்தா மண்ணைக் காணோம் தம்பி."

அவர் அழவில்லை. மண்ணைக் காணோம் என்று இன்னொரு தடவை சொன்னார். நான் அவர் தோளில் கைவைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல் நின்றேன்.

அப்போது முருகன் வெளியே வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மச்சான், ஏன் இங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"ரோடு எப்பப் போட்டாங்க முருகா?"

"புரட்டாசிலதான். அப்பா வாங்குன ரோடு மச்சான். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் வாயைக் கட்டிட்டாரு."

அண்ணன் அவனையே பார்த்தார்.

"நீங்க சேத்துல வந்துட்டுத் திரும்பிப் போனீங்கல்ல, அந்தத் தீபாவளி. அன்னைக்கு ராத்திரியே ஒரு மனு எழுதச் சொன்னாரு. எம்மக செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தாடா, பாத்துட்டுத் திரும்பிட்டேனேடான்னு சொல்லிச் சொல்லி அழுவாரு. ஒவ்வொரு ஆபீஸா மனு குடுத்தாரு. உடம்பு முடியாம போன பிறகும் பஸ் ஏறிப் போவாரு. எம்மக வந்தா வண்டி நிக்காம வாசல் வரைக்கும் வரணும்னு சொல்லுவாரு. ரோடு போட்டு முடிச்சதும் கூப்பிடுங்கன்னு சொன்னேன். இருடா, இந்தத் தீபாவளிக்கு முறையாக் கூப்பிடுவோம்னாரு."

முருகன் அவர் கையைப் பிடித்தான். "அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க மருமகன் வேணும். வாங்க மச்சான்."

ஒன்பது வருடம் கழித்து அந்த வாசலில் காத்தண்ணன் ஏறினார். கதவு நன்றாகத் திறந்திருந்தது. உள்ளே போய்ப் பெரியவரின் காலடியில் உட்கார்ந்த பிறகுதான் அவர் அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வாசலில் நின்றிருந்த பாய் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து அவர் தனியாக இருந்த நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, பாய் கார் எடுத்தாரு. நாந்தான் தடுத்தேன். கார்ல போயிருந்தா நீங்க மாமாவைப் பாத்திருப்பீங்க. இந்தப் பாவம் எனக்குத்தான்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு சொன்னார். "நீ சொல்லலைன்னாலும் நான் கார்ல ஏறியிருக்க மாட்டேன் தம்பி. பொய் சொல்லக்கூடாது. அவரு கண்ணு முன்னாடி என் வண்டில வந்து இறங்கணும்னு இருந்துச்சு. செல்வி அவரைப் பாக்கணுங்கிறதைவிட, அவரு என்னையப் பாக்கணுங்கிறதுதான் எனக்குப் பெருசா போச்சு."

எங்களுக்குப் பின்னால் மதினி பாத்திரத்தோடு வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. அவர் கோபமாகப் பேசவில்லை. களைத்துப்போன குரலில், என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ரெண்டு ஆம்பளைங்களும் எம்மேல உசுரையே வச்சிருந்தாங்க தம்பி. ஒருத்தர் எனக்கு ரோடு போட்டாரு. ஒருத்தர் எனக்கு வண்டி செஞ்சாரு. ஒம்பது வருசத்துல ஒருத்தராவது ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

மதினி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "பாயாசம் மிச்சம் இருக்கு, ரெண்டு பேரும் குடிங்க" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர்கள் ஆனையூருக்குத் திரும்பவில்லை. முருகனுக்குத் திருப்பூரில் வேலை, வீடும் நிலமும் சும்மா கிடக்க வேண்டாம் என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். வண்டிக்குச் சாதாரண டயர் மாட்டி, மட்கார்டை இறக்கி, அதில்தான் திருமங்கலம் வந்து ஜெராக்ஸ் மெஷின் பார்க்கிறார் என்று பாய் சொன்னார். எனக்கும் கல்யாணம் ஆகி, வீடு மாறி, பத்திரிகையில் எழுதுகிறவன் ஆகிவிட்டேன். எத்தனையோ தடவை அவரை நினைத்திருக்கிறேன். தீபாவளிக்குப் பேசலாம், பொங்கலுக்குப் பேசலாம், நேரில் போய்ப் பேசலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். பட்டும் புத்தி வராத ஜென்மம்.

இந்தக் கட்டுரையை இதுவரை எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, போனை எடுத்தேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்.

"தம்பியா? என்ன தம்பி, ஏதும் விசேசமா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க காத்தண்ணே. ஒரு விசயமும் இல்ல. உங்க குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு, அம்புட்டுத்தான்."